செக்கச் செவேலென்று இருக்கும் தக்காளி ஏன் சப்பென்று இருக்கிறது?

சூப்பர் மார்க்கெட் தட்டில் அடுக்கியிருக்கும் தக்காளியைக் கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். ஒரு கீறல் கிடையாது. காம்பிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. வாங்கி வந்து சமையல் மேடையில் பத்து நாள் வைத்தாலும் தோல் சுருங்காது. ரசத்துக்குப் பிசையலாம் என்று எடுத்தால் கைக்கு மசியாது, மிக்ஸியில்தான் போட வேண்டும். கொதித்த பிறகு பார்த்தால் புளிப்பு பத்தாது, இன்னும் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றித்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஊசி போடுகிறார்கள், மரபணுவை மாற்றிவிட்டார்கள், மெழுகு பூசுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் விதவிதமாக ஓடுகிறது. உண்மையான காரணம் இவற்றைவிடச் சாதாரணமானது, அதனாலேயே சரிசெய்யவும் கடினமானது. விதைக் கம்பெனியில் தொடங்கி கடைத் தட்டு வரைக்கும் தக்காளி கைமாறும் இடத்திலெல்லாம் எதையோ அளந்துதான் காசு கொடுக்கிறார்கள்: எடை, அளவு, நிறம், கெட்டித்தன்மை. ருசியை யாரும் அளப்பதில்லை, அதற்குத் தனி விலையும் இல்லை. அது எந்தெந்த இடத்தில் எப்படி நழுவிப்போகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் தக்காளியில் நன்றாகவே துருவிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். வாழையும் ஆப்பிளும் இடையில் வரும்.

## ருசி என்றால் என்னென்ன?

1. சர்க்கரை. பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். இலையில் தயாராகி, தண்டு வழியாகப் பழத்துக்கு வந்து சேர்கிறது. பழச்சாற்றில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை 'பிரிக்ஸ்' என்ற அளவால் சொல்வார்கள். கடைத் தக்காளியில் இது 4 அல்லது 5 இருக்கும். கோலிக்குண்டு அளவில் இருக்கும் செர்ரித் தக்காளியில் 7, 8 வரைக்கும் போகும்.

2. புளிப்பு. சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம். இவற்றோடு குளூட்டமிக் அமிலமும் உண்டு. தக்காளித் தொக்கைச் சுண்டக் காய்ச்சும்போது நாக்கில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கனத்த ருசி இதனால்தான்.

3. மணம். ஆவியாகிப் பறக்கும் சேர்மங்கள். தக்காளியில் இவை 400க்கு மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் இருபது முப்பதுதான் நம் மூக்குக்குப் பொருட்டாகின்றன.

மூன்றாவதைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும்போது சாப்பாடு மண் மாதிரி இருக்கிறதே, அப்போதும் நாக்கு நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. மென்று விழுங்கும்போது வாய்க்குள்ளிருந்து ஆவி மேலேறி மூக்கின் பின்பக்கத்தைத் தொடும். அந்த வாசனையையும் சேர்த்துத்தான் மூளை 'ருசி' என்று பதிவு செய்கிறது. அதற்கு வேண்டிய அளவும் மிகச் சொற்பம். பீட்டா அயனோன் என்று ஒரு சேர்மம், தக்காளியைச் சிவப்பாக்கும் நிறமிகளின் குடும்பத்திலிருந்து உடைந்து வருவது. லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் 7 பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இவ்வளவு நுணுக்கமான ஒன்று தொலைந்தால் கண்ணுக்கும் தெரியாது, தராசுக்கும் தெரியாது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி க்ளீயின் குழு 2012இல் இன்னொன்றையும் காட்டியது. சில மணச் சேர்மங்கள் இருந்தால், சர்க்கரை கூடாமலே பழம் அதிகம் இனிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மணம் குறைந்த தக்காளிக்கு நஷ்டம் இரண்டு: வாசனையும் போகிறது, இருக்கிற இனிப்பும் கம்மியாகத் தெரிகிறது.

இனி ஒரு தக்காளியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். தட்டையாக, தோள்பட்டை மடிந்த நாட்டுத் தக்காளியில் விதை மிதக்கும் கொழகொழப்பு நிறைய அறைகளில் இருக்கும். வெட்டும்போதே பலகையில் வழிந்து ஓடும். முட்டை வடிவக் கெட்டித் தக்காளியில் இரண்டு அல்லது மூன்று அறைதான், சுற்றிலும் தடித்த சதை, நடுவில் வெள்ளைத் தண்டு. புளிப்பும் குளூட்டமிக் அமிலமும் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். லாரியில் போகும்போது நசுங்காமல் இருக்கத் தடித்த சதை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தபோதே ரசத்துக்கு வேண்டிய பகுதி சிறுத்துவிட்டது. 'பெங்களூர்த் தக்காளி ரசத்துக்கு ஆகாது' என்று வீட்டில் சொல்வது வெறும் பழைய பழக்கம் இல்லை.

## விதையிலேயே விட்டது

செடிக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. இலைகள் ஒரு நாளைக்கு இவ்வளவு சர்க்கரைதான் தயாரிக்க முடியும். செடியில் தொங்கும் பழங்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பழத்தின் எண்ணிக்கையையும் அளவையும் கூட்டிக்கொண்டே போனால், இலையின் உற்பத்தி அதே வேகத்தில் கூடாது. மிச்ச இடத்தைத் தண்ணீர்தான் நிரப்பும். பாலில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பால்காரர் ஊற்றினால் திட்டுவோம், இங்கே செடியே ஊற்றிக்கொள்கிறது. பழம் பெரிதாகப் பெரிதாகச் சர்க்கரையின் விகிதம் இறங்குவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. விவசாயிக்கோ எடைக்குத்தான் காசு. தண்ணீரும் எடைதான்.

இது மகசூலின் கதை. நிறத்தின் கதை இதைவிட வேடிக்கையானது.

பழைய ரகங்கள் காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பின்னும் அந்த இடம் சில சமயம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது. எது முற்றிய காய், எது பிஞ்சு என்று பறிப்பவர் கண்டுபிடிப்பதும் கஷ்டம். காய் முழுவதும் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருந்து, ஒரே சீராகச் சிவக்கும் செடிகள் சில தென்பட்டபோது விதை உற்பத்தியாளர்கள் சந்தோஷமாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகளாக உலகமெங்கும் ரகங்களில் அந்தக் குணத்தைப் புகுத்திவந்தார்கள்.

2012இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவலும் அவரோடு சேர்ந்தவர்களும் இதன் அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காயில் பச்சையத்தை உண்டாக்கும் ஒரு மரபணு, அதன் பெயர் ஜி.எல்.கே 2, இந்தச் சீரான ரகங்களில் பழுதாகிக் கிடக்கிறது. காம்பைச் சுற்றியிருந்த கரும்பச்சை வெறும் அழகுக்கு இல்லை. இலையைப் போலவே அதுவும் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்துகொண்டிருந்தது. பழத்தின் சர்க்கரையில் 20 சதவீதம் வரைக்கும் பழமே தயாரித்துக்கொள்வதாக மதிப்பிடுகிறார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று கழித்துக்கட்டியது பழத்தின் சொந்த அடுப்பை. பளிச்சென்ற ஒரே சிவப்பைப் பார்த்து நாம் கை நீட்டுகிறோமே, அந்தச் சிவப்புக்குக் கொடுத்த விலையில் இது ஒரு பகுதி.

மணம் போனதற்கு இப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. 2017இல் க்ளீயின் குழு, சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து, 398 தக்காளி ரகங்களின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்தது. ருசிக்கு முக்கியமான சேர்மங்களில் 13, பழைய ரகங்களைவிட நவீன வணிக ரகங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. யாரும் அவற்றை வேண்டுமென்று நீக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மகசூல், நோய் எதிர்ப்பு, கெட்டித்தன்மை என்று பார்த்துப் பார்த்துச் செடியைப் பொறுக்குகிறார்கள். பொறுக்காத குணங்களைக் காப்பாற்ற ஆள் இல்லை. பத்துப் பதினைந்து மரபணுக்களில் ஒவ்வொன்றாக மட்டமான வடிவம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு தலைமுறையில் ஒன்று போனால் வித்தியாசமே தெரியாது. பத்துத் தலைமுறை கழித்துத்தான் நாக்கு முறையிடுகிறது.

கடைசியாகத் தாங்கும் நாட்கள். 1968இல் அறிவிக்கப்பட்ட 'ரின்' என்ற மரபணுப் பிறழ்வு தக்காளியைப் பழுக்கவே விடாது. இப்படிப்பட்ட செடியை நல்ல ரகம் ஒன்றோடு சேர்த்து வீரிய ஒட்டு உண்டாக்கினால் பழுக்கும், ஆனால் மெதுவாக. வாரக்கணக்கில் கெட்டியாக நிற்கும். பழுப்பது என்பது ஒரே வேலை இல்லை: சதை இளகுவது, நிறம் மாறுவது, மணம் உருவாவது எல்லாம் ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட்ட வேலைகள். இளகுவதை மட்டும் நிறுத்தப் போய், கூடவே நிறத்தையும் மணத்தையும் மட்டுப்படுத்துகிறோம்.

## சொற்களில் உள்ள குழப்பம்

இந்த இடத்தில் சில வார்த்தைகளைப் பிரித்துவிடுவது நல்லது. மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பாதி வதந்தி ஓடுகிறது.

1. ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு. இரண்டு வேறு வேறு தாய் தகப்பன் செடிகளை மகரந்தச் சேர்க்கை மூலம் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை விதை. பூவைப் பூவோடு சேர்ப்பதுதான், வேறு மாயம் இல்லை. ஹைபிரிட் என்பதாலேயே ருசி போய்விடாது. உலகில் மிகவும் இனிப்பான செர்ரித் தக்காளிகள் பலவும் ஹைபிரிட்தான். எதற்காக ஒட்டுச் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

2. மரபணு மாற்றம். ஆய்வகத்தில் மரபணுவை நேரடியாகச் செருகுவது. 1994இல் அமெரிக்காவில் கால்ஜீன் என்ற நிறுவனம் 'ஃபிளேவர் சேவர்' என்ற தக்காளியைக் கொண்டுவந்தது. அரசு அனுமதியோடு விற்பனைக்கு வந்த முதல் மரபணு மாற்ற முழு உணவு அதுதான். சில வருடங்களிலேயே கடையை விட்டுப் போய்விட்டது. இந்தியாவில் வணிகமாகப் பயிராவது 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டும். பி.டி. கத்தரிக்காயை 2010இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஆகவே உங்கள் கூடையில் இருக்கும் தக்காளி மரபணு மாற்றத் தக்காளி இல்லை.

3. நாட்டுத் தக்காளி. தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மணத்தக்காளிதான் நமக்குப் பழையது. சந்தையில் 'நாட்டு' என்று விற்பது பெரும்பாலும் வேளாண் பல்கலைக்கழக ரகங்கள், அல்லது நாட்டு மாதிரியே புளிக்கும் ஹைபிரிட்டுகள். தேனி அருகே அன்னஞ்சி வட்டாரத்து ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம் 1 இதற்கு நல்ல உதாரணம். கோயம்பேட்டு விலைப் பட்டியலில் 'நவீன்' என்று தனி வரியில் வருவது கெட்டியான ஹைபிரிட். பெயரில் என்ன போட்டிருந்தாலும் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## செங்காயில் பறித்தால் என்ன ஆகும்

தமிழில் பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று ஒரு வரிசை இருக்கிறது. தக்காளி வியாபாரமே செங்காயை வைத்துத்தான் நடக்கிறது. அடியில் லேசாக நிறம் திரும்பும்போது பறித்தால், பாலக்கோட்டிலிருந்தோ ராயக்கோட்டையிலிருந்தோ பெட்டியில் ஏறிச் சென்னை வந்து, கடையில் இரண்டு நாள் இருந்து, வீட்டுக்கு வருவதற்குள் சிவந்துவிடும். செடியிலேயே பழுக்க விட்டுப் பறித்தால் பெட்டியில் கீழ் வரிசை சட்னியாகிவிடும். ஃபுளோரிடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், முழுப் பச்சையாக இருக்கும்போதே பறித்து, அறையில் அடைத்து எத்திலீன் வாயு விட்டுச் சிவக்க வைக்கிறார்கள்.

எத்திலீன் என்பது பழங்கள் தாமாகவே வெளிவிடும் பழுக்கும் வாயு. அரிசி டிரம்மில் மாங்காய் போட்டு மூடுவதும், வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் புகை விடுவதும் இந்த வாயுவைத் தேக்கிவைக்கத்தான். புகையிலும் எத்திலீன் இருக்கிறது. கார்பைடு கல் கதை வேறு. அதிலிருந்து வருவது அசிட்டிலீன், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சு வாயுக்களின் சுவடும் இருக்கும். அதனால் கார்பைடு இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது.

பறித்த பிறகு பழத்துக்குள் என்ன நடக்கும் என்பது பழத்துக்குப் பழம் மாறும். இது தெரிந்தால் எதை எப்போது வாங்குவது என்பதும் தெரியும்.

1. வாழை, மா. முற்றிய காயில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பறித்த பின் அது சர்க்கரையாக மாறும். ஆகவே நன்றாக முற்றிய காயைப் பறித்தால் இனிப்புக்கு மோசமில்லை. முற்றாத காயைப் பறித்தால் வெம்பல்தான்.

2. தக்காளி. எத்திலீனுக்குச் சிவக்கும், இளகும். ஆனால் முற்றிய காயில் மாவுச்சத்து அநேகமாக மிச்சமில்லை. செடியை விட்டு வந்த பிறகு சர்க்கரை பெரிதாக ஏறாது. நிறம் பழத்தினுடையது, இனிப்பு காயினுடையது.

3. திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, தர்பூசணி. பறித்த அன்றைக்கு என்ன இனிப்போ அதுதான் கடைசிவரை. வீட்டில் வைத்துப் பழுக்கட்டும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

4. சோளக்கதிர், பச்சைப் பட்டாணி. இவை தலைகீழ். பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும். வெயில் பட்டால் இன்னும் வேகம். பறித்த அன்று தின்ற பட்டாணி இனிப்பதும் மூன்றாம் நாள் மாவாக இருப்பதும் இதனால்தான்.

## குளிர் செய்யும் வேலை

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வைத்து, பிறகு வெளியே எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மணச் சேர்மங்கள் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தன, வெளியே எடுத்து வைத்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டுப் பார்த்தவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். மணத்தை உண்டாக்கும் மரபணுக்களின் மேல் குளிர் ஒரு வேதிப் பூட்டுப் போட்டுவிடுகிறது, சூடு திரும்பினாலும் சில பூட்டுகள் சரியாகத் திறப்பதில்லை.

நம் ஊர் தள்ளுவண்டித் தக்காளிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. குளிர் கிடங்கும் குளிர் லாரியும் வைத்திருக்கும் பெரிய கடைகளுக்குத்தான் உண்டு. அங்கே தப்பித்து வந்ததையும் நாம் ஃபிரிட்ஜின் அடித் தட்டில் போட்டு முடித்துவைக்கிறோம்.

வாழைக்குக் குளிர் இன்னும் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். ஆப்பிள் இதற்கு நேர் எதிர். ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதத்துக்குக் குறைத்து, பனி உறையும் விளிம்பில் கிடங்கில் அடைத்தால் மாதக்கணக்கில் தூங்கும். 2002 முதல் இன்னொரு வசதியும் வந்தது. 1-எம்.சி.பி என்ற வாயு, எத்திலீன் போய் உட்காரும் இடத்தில் தான் போய் அடைத்துக்கொள்ளும். பழத்துக்குப் பழுக்கச் சொல்லும் கட்டளையே காதில் விழாது. ஆப்பிள் மொறுமொறுப்பாகவே இருக்கும், ஆனால் எத்திலீன் சொன்னால்தான் உருவாகும் வாசனையும் வராது. கடித்தால் சத்தம் வருகிறது, வாசனை வரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆப்பிள் என்றதும் 'வாஷிங்டன் ஆப்பிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி நம் ஊர்க் கடைகளில் விற்கும் கருஞ்சிவப்பு நினைவுக்கு வரும். அதன் ரகம் ரெட் டெலிஷியஸ். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானாக முளைத்தது. முதலில் கோடுகோடாக இருந்த பழம். அதில் இயற்கையாக இன்னும் சிவப்பாகக் காய்த்த கிளைகளை எடுத்து ஒட்டிக்கொண்டே போனார்கள். தோல் சிவந்தது, தடித்தது. உள்ளே ருசி தேய்ந்தது. அமெரிக்கர்களே அலுத்துப்போய், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டு உற்பத்தியில் முதலிடத்தில் இருந்த ரகத்தை 2018இல் காலா ரகம் முந்தியது. தக்காளியின் ஒரே சீரான சிவப்புக்கு நடந்தது இங்கேயும் நடந்திருக்கிறது.

## காசு எதற்குக் கிடைக்கிறது

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு ஏன் மாறவில்லை?

ஃபுளோரிடாவில் தக்காளிக்கென்று ஒரு குழு இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே அனுப்பும் தக்காளி என்ன அளவில், என்ன வடிவில் இருக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும். 'அக்லி ரைப்' என்று ஒரு ரகம், பெயருக்கேற்ப கோணல்மாணலான, மடிப்பு விழுந்த, ருசியான தக்காளி. வடிவம் சரியில்லை என்று குளிர்காலத்தில் அதை வெளிமாநிலங்களுக்கு அனுப்ப அந்தக் குழு மறுத்தது. 2007இல் அமெரிக்க மத்திய வேளாண் துறை விலக்கு அளித்த பிறகுதான் தடை நீங்கியது. அளவுக்கு விதி இருந்தது, உருண்டைக்கு விதி இருந்தது. ருசிக்கு ஒரு வரிகூட இல்லை.

நம் பக்கத்தில் குழு எதுவும் வேண்டாம், சந்தையே போதும். ஒட்டன்சத்திரத்தில் பெட்டி விலைக்கு ஏலம் போகும். பழம் எப்படிப் புளிக்கிறது என்று யாரும் கடித்துப் பார்த்து விலை சொல்வதில்லை. கை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், கெட்டியாக இருந்தால் தூரத்துக்குப் போகும், விலை கூடும். இதில் விவசாயியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வேறு சமயங்களில் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். இப்படி ஏறி இறங்கும் விலையில், இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும் பழம் என்பது விவசாயிக்கு ஒருவகை இன்சூரன்ஸ். பெங்களூரில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் மூன்று நோய்களைத் தாங்கும், அதிகம் காய்க்கும். இலைச்சுருட்டல் நோயில் பாதி வயலை இழந்தவரிடம் போய், ரசத்துக்குப் புளிப்பு பத்தவில்லை என்று சொல்ல முடியாது.

வாழையிலும் இதேதான். தேனிப் பக்கம் தோப்புத் தோப்பாக நிற்கும் ஜி9 ரகத் திசு வளர்ப்புக் கன்று: எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் விடும், சீப்பு ஒரே அளவு, அட்டைப் பெட்டியில் அழகாக அடங்கும். விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைக்கு மலைச்சரிவு வேண்டும், காலம் அதிகம் எடுக்கும், முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்களை அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய பழம் என்பதால் அதற்கென்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேட்பு இல்லாத ரகங்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போகின்றன.

## சத்தும் குறைந்துவிட்டதா?

இதிலும் மிகைப்படுத்தல் நிறைய. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவிஸ், 1950, 1999 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க அரசுப் பட்டியல்களை ஒப்பிட்டு 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 43 தோட்டப் பயிர்கள், 13 சத்துகள். அவற்றில் 6 சத்துகள் குறைந்திருந்தன: புரதம் 6 சதவீதம், ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) 38 சதவீதம், மற்றவை இடைப்பட்ட அளவில். மீதி ஏழில் நம்பத்தகுந்த மாற்றம் இல்லை. மண் செத்துவிட்டது என்று பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். டேவிஸ் கைகாட்டியது ரக மாற்றத்தை, அதாவது மேலே பார்த்த அதே தண்ணீர்க் கணக்கை. காய்கறி தின்பதை விட்டுவிட இது காரணமாகாது.

ஆனால் ருசிக்கும் சத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தக்காளியின் மணச் சேர்மங்கள் எதிலிருந்து உருவாகின்றன என்று பார்த்தால், சில அமினோ அமிலத்திலிருந்து, சில கொழுப்பு அமிலத்திலிருந்து, சில கரோட்டினாய்டு நிறமியிலிருந்து. மூன்றுமே உடம்புக்கு வேண்டியவை.

## கடையில் நிற்கும்போது

அடுக்களைக்கு உதவும் சில விஷயங்கள்:

1. சமையலைப் பார்த்து வாங்குங்கள். ரசம், சட்னிக்கு மடிப்பு விழுந்த தட்டைத் தக்காளி. சாண்ட்விச், சாலட்டுக்குக் கெட்டி ரகம் பரவாயில்லை.

2. காம்புப் பக்கம் பச்சைத் திட்டு இருந்தால் ஒதுக்காதீர்கள். அது பழுதான மரபணு இல்லாத பழமாக இருக்கலாம்.

3. காம்போடு கொத்தாக விற்கும் தக்காளியின் வாசனையில் மயங்க வேண்டாம். அந்த வாசனை பெரும்பாலும் பச்சைத் தண்டிலிருந்து வருவது, பழத்திலிருந்து அல்ல.

4. செங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே பழுக்க விட்டு, கனிந்த பின் உடனே தீர்த்துவிடுங்கள்.

5. கெட்டித் தக்காளிதான் கிடைத்தது என்றால் சுண்ட வையுங்கள். தண்ணீர் போனால் இருக்கிற சர்க்கரையும் புளிப்பும் கூடித் தெரியும். போன மணம் மட்டும் வராது.

விஞ்ஞானத்துக்கு இது தீராத புதிர் ஒன்றும் இல்லை. க்ளீயின் குழுவே ருசியான ரகம் ஒன்றை நவீன வணிக ரகத்தோடு சேர்த்து 'கார்டன் ஜெம்' என்ற ஹைபிரிட்டை உருவாக்கியது. ருசிப் பரீட்சையில் நல்ல மார்க், காய்ப்பு அதிகம், நோயைத் தாங்கும், லாரிப் பயணத்தையும் தாங்கும். அப்படியும் பெரிய பண்ணைகள் அதைத் தொடவில்லை. பழம் கடைத் தக்காளியில் ஏறக்குறைய பாதி அளவுதான். ஒரு பெட்டி நிரப்ப இரண்டு மடங்கு தடவை கை நீட்டிப் பறிக்க வேண்டும், பறிகூலி இரண்டு மடங்கு. அந்த விதையைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுத்து வாங்கி, வீட்டுத் தோட்டக்காரர்கள்தான் கொல்லையில் வளர்த்தார்கள்.